புதுக்கோட்டைச் சிறுமி மருத்துவரான கதை

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்னும் பெயரை எங்கள் வகுப்பில் கேள்விப்படாதவர் இல்லை. தமிழக அரசின் மகப்பேறு உதவித் திட்டத்துக்கு அவருடைய பெயரைத்தான் சூட்டியிருக்கிறார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர் யார் என்று பொது அறிவுப் போட்டியில் கேட்டால் உடனே கை தூக்கி விடுவோம். ஆனால் அவர் எங்கள் வயதில் எப்படி இருந்தார் என்று எங்களில் ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆண்டு மலருக்குச் சான்றோர் ஒருவரின் வரலாறு எழுதி வரும்படி தமிழாசிரியை பணித்தபோது அவரைப் பற்றித் தேடிப் படித்தோம். படித்தது முதல் எங்கள் பேச்சு முழுவதும் அவருடைய பதின்மூன்றாம் வயதைச் சுற்றியே இருக்கிறது. ஆகவே அப்பகுதியைச் சற்று விரிவாகவும் பிற்காலத்தைச் சுருக்கமாகவும் எழுதுகிறோம்.

முத்துலட்சுமி 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். அன்று அது தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம். தந்தையார் நாராயணசாமி ஐயர் அவ்வூர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள் இசையையும் நடனத்தையும் குலத்தொழிலாகக் கொண்ட மரபில் வந்தவர். இத்திருமணத்தால் தந்தையாரின் உறவினர்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள்.

பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதத் தெரிந்தால் ஒரு பெண்ணுக்குப் போதும் என்பது அக்கால எண்ணம். முத்துலட்சுமியைப் பள்ளியில் சேர்த்ததும் முதலில் அந்த அளவுக்குத்தான். அவரோ தமிழோடு நில்லாமல் ஆங்கிலமும் கற்றார். பையன்களோடு போட்டியிட்டுப் படித்தார். பதின்மூன்று வயது ஆயிற்று. பெரியவளாகி விட்டார். அத்துடன் பள்ளிக்கூடம் நின்று விட்டது.

இந்தப் ‘பெரியவள்’ என்ற சொல்லைப் பற்றித்தான் நாங்கள் மதிய உணவு இடைவேளைகளில் நிறையப் பேசினோம். பெரியவன் என்றால் வீட்டைப் பொறுப்பேற்பவன், வெளியூர் போய் வருபவன் என்று பொருள். பெரியவள் என்றாலோ வாசற்படி தாண்டக் கூடாது, சன்னலோரம் நிற்கக் கூடாது என்று பொருள். பெரியவளான அன்றே அவளைச் சிறு குழந்தையினும் கட்டுக்குள் வைத்தார்கள். எங்களில் சிலருக்கு எட்டாம் வகுப்பில் மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. தெருமுனையில் படத்துடன் தட்டி வைத்தார்கள். அந்த வழியாகப் பள்ளிக்கு வர எவ்வளவு கூச்சமாக இருந்தது என்பது எங்களுக்கே தெரியும். ஆனாலும் இரண்டு வாரத்தில் நாங்கள் வகுப்புக்குத் திரும்பி வந்தோம். முத்துலட்சுமி திரும்பவில்லை. எங்களுள் ஒருத்தியின் பாட்டியும் திரும்பவில்லை. அவர் ஏழாம் வகுப்போடு நின்றவர். அது நடந்தது 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அத்தனை பழங்காலம் அன்று.

வீட்டிலிருந்த முத்துலட்சுமிக்கு வரன் பார்க்க வேண்டும் என்பது தாயாரின் கவலை. அதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்பவர் தாயார்தானே. மகளுக்கோ திருமணத்தில் மனம் செல்லவில்லை. தந்தையார் இருவருக்கும் நடுவில் நின்று ஒரு வழி கண்டார். பள்ளிக்குப் போகக் கூடாது என்றுதானே ஊர் சொல்கிறது? படிக்கக் கூடாது என்று அவர் தம் வீட்டில் சொல்ல விடவில்லை. தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். ஆசிரியர்களையும் வீட்டுக்கு வரவழைத்தார். தோழியர் கிடையாது, மணி அடிப்பது கிடையாது, விளையாட்டு மைதானம் கிடையாது. இப்படியே படித்து 1902-ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தேறினார். அப்போது அவருக்கு வயது 16. வருகிற பொதுத்தேர்வை எண்ணி நாங்கள் கூட்டமாய் அமர்ந்து பயப்படுகிறோம். அவருக்குப் பயப்படக்கூடத் துணை இல்லை.

அடுத்து என்ன என்ற கேள்வி எழுந்தது. ஊரில் இருந்த ஒரே கல்லூரி ஆண்களுக்கானது. விண்ணப்பம் போட்டதும் எதிர்ப்பு கிளம்பியது. ஒரு பெண் வந்தால் மாணவர்கள் கெட்டுப் போவார்கள் என்றும், தங்கள் பிள்ளைகளை நிறுத்தி விடுவோம் என்றும் சிலர் கூறினார்கள். தாயாரின் குலத்தையும் சுட்டிப் பேசினார்கள். இறுதியில் முடிவு செய்தவர் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் முத்துலட்சுமியைச் சேர்த்துக் கொள்ள ஆணையிட்டதோடு உதவித்தொகையும் அளித்தார்.

கல்லூரிக்கு அவர் மூடு வண்டியில் போனார். வகுப்பில் அவருக்கும் மாணவர்களுக்கும் இடையே திரை. பாடம் முடிந்ததும் அவர் முதலில் வெளியேறி வண்டியில் ஏறிய பிறகே மற்றவர்கள் எழுந்திருப்பார்கள். கரும்பலகையைப் பார்ப்பதற்காக அங்கே வந்தவர், தம்மை யாரும் பார்க்காதபடி மறைந்து அமர வேண்டியிருந்தது.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியில் படித்த முதல் பெண் அவரே என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது சரியன்று. 1875-லேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் அங்கே சேர்ந்தார்கள். முதலாவதாக வந்தவர் என்று சொன்னால்தான் பெருமை என நினைக்க வேண்டாம். திரைக்குப் பின்னிருந்து வந்த பெண் அறுவை மருத்துவ வகுப்பில் ஆண்களோடு ஒன்றாக நின்று கற்று, பதக்கங்கள் பெற்று, 1912-இல் பட்டமும் பெற்றார் என்பதே எங்களுக்குப் போதும்.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். அப்போது அவருக்கு 28 வயது நெருங்கிக் கொண்டிருந்தது. தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குத் தடை சொல்லக் கூடாது என்பவை அவர் விதித்த நிபந்தனைகள். அவர் ஒப்புக்கொண்ட பிறகே திருமணம் நடந்தது. பதின்மூன்று வயதில் அவரைப் பெரியவள் என்றார்கள். அவர் பெரியவரானது இந்த நிபந்தனைகளைச் சொன்ன நாளில்தான் என்று எங்களில் பலர் கருதுகிறோம். இல்லை, மெட்ரிகுலேஷன் எழுதிய நாளில்தான் என்று மூன்று பேர் மட்டும் பிடிவாதமாக இருக்கிறார்கள்.

பின்னர் சென்னைச் சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும் அதன் துணைத் தலைவராகவும் ஆனார். சிறுமியர் திருமணத்தைத் தடுக்கும் முயற்சியை அங்கே முழு மூச்சாக ஆதரித்தார். 1929-இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைக் குறைந்தது 14 என்று வகுத்தது. தம் படிப்பு நின்ற வயதைவிட ஒரே ஓர் ஆண்டு கூடுதல்! அது 18 ஆக உயர 1978 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கோயில்களுக்குச் சிறுமியரைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தையும் அவர் எதிர்த்துப் போராடினார். அதை ஒழிக்கும் சட்டம் 1947-இல் வந்தது. அவ்வழக்கத்திலிருந்து தப்பி வந்த பெண்கள் மூவருக்குத் தங்க இடம் கிடைக்காமல் போகவே, தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். 1930-இல் ஔவை இல்லம் தோன்றியது அப்படித்தான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை செயல்படத் தொடங்கியபோது அவருக்கு வயது 67. 1968 ஜூலை 22 அன்று மறைந்தார்.

இக்கட்டுரையை ஆசிரியையிடம் கொடுப்பதற்கு முன் மேலே சொன்ன பாட்டிக்குப் படித்துக் காட்டினோம். மூடு வண்டி வரும் இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு ஒன்றும் பேசாமல் உள்ளே போய், டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து வந்தார். மூடி துருப்பிடித்திருந்தது. கவராயம் மட்டும் புதிது போலவே இருந்தது.