தம்பிக்காக வாழ்ந்த திலகவதியார்

பல்லவர் காலத்தில், பண்ருட்டிக்கு அண்மையிலுள்ள திருவாமூரில் புகழனார், மாதினியார் தம்பதியரின் மகளாகப் பிறந்தவர் திலகவதியார். 12 வயதளவில் சேனாதிபதி கலிப்பகையாருக்கு அவரை மணம் பேசினர். அதற்குள் தந்தையார் காலமானார். தாயாரும் உடன் உயிர்நீத்தார். போருக்குச் சென்ற கலிப்பகையாரும் களத்தில் மாண்டார்.

தாமும் உயிர்விடத் துணிந்த அம்மையாரின் காலடியில் வீழ்ந்து, அக்கா போனால் தாம் முந்திப் போவதாக அழுதார் தம்பி மருணீக்கியார். அவருக்காகவே அம்மையார் உயிர் வாழ்ந்தார்.

வளர்ந்த தம்பி சமணஞ் சேர்ந்தபோதும் அவர் கைவிடவில்லை. திருவதிகைக் கோயிலைக் கூட்டி மெழுகித் தம்பிக்காக வேண்டினார். சூலைநோயோடு திரும்பியவருக்குத் திருநீறு கொடுத்தார். அத்தம்பியே திருநாவுக்கரசர்.

அறுபத்துமூவர் வரிசையில் அம்மையார் இல்லை. சித்திரைச் சதயத்தில் அப்பர் குருபூசை செய்யும் நாம், அந்த அக்காவையும் நினைப்போம். பெற்றோரை இழந்து, சகோதரரை வளர்த்து ஆளாக்கிய அக்காமார் எம்மிடையேயும் உள்ளனர்.