வெயிலைக் கூரைக்குள் சேர்த்த தோட்டக்காரர்

உயர்ந்த குடியில் பிறந்தவர்களே உலகில் புகழ் பெறுவார்கள் என்று எண்ணுவது தவறு. மண்வெட்டி பிடித்த கைகளாலேயே ஒரு மாளிகையை எழுப்பிய ஜோசப் பாக்ஸ்டன் அவர்களின் வாழ்க்கை இதற்குச் சான்று.

இவர் 1803ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் எளிய விவசாயியின் ஏழாவது மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தோட்டவேலைக்குச் சென்றார். இவருடைய உழைப்பைக் கண்ட டெவன்ஷயர் பிரபு, 1826இல் தம் சாட்ஸ்வொர்த் மாளிகைக்குத் தலைமைத் தோட்டக்காரராக இவரை அமர்த்தினார். முதல் நாள் விடியற்காலை நாலரை மணிக்கே வந்து, கதவு திறக்கும்வரை காத்திராமல் ஏறிக் குதித்து, வேலையாட்களை வேலையில் ஈடுபடுத்தினாராம்! மறு ஆண்டு சாரா என்னும் மங்கையை மணந்தார். கணவர் ஊர் ஊராகச் சென்றபோது தோட்டக் கணக்குகளைக் கவனித்தவர் அந்த அம்மையாரே.

குளிர்நாட்டில் வெப்பநாட்டுச் செடிகளை வளர்ப்பது எப்படி? சூரிய ஒளி கண்ணாடி வழியே எளிதாக நுழையும். உள்ளே மண்ணும் இலைகளும் சூடேறி வெப்பக் கதிர்களை வீசும்; அவற்றைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. அதைவிட முக்கியமாக, சூடான காற்று வெளிக்காற்றோடு கலந்துவிடாமல் கூரை தடுக்கிறது. பாக்ஸ்டன் கண்ணாடிகளைத் தட்டையாகப் பதிக்காமல் மேடும் பள்ளமுமாகச் சாய்த்து அமைத்தார். அதனால் காலை, மாலை இளவெயில் நேராக உள்ளே புகுந்தது. நண்பகல் வெயில் சாய்வாகப் பட்டுக் கடுமை குறைந்தது.

1835இல் இவர் அனுப்பிய ஜான் கிப்சன் என்பவர் நம் இந்தியாவுக்கு வந்து, காசி மலைகளில் திரிந்து, அரிய ஆர்க்கிட் செடிகளைக் கொண்டு சென்றார். 1849இல் தென் அமெரிக்காவின் ராட்சத அல்லி இவருடைய கண்ணாடி வீட்டில் பூத்தது. அதன் இலைமீது தம் ஏழு வயது மகள் ஆனியை நிறுத்திப் பார்த்தார். இலை அமிழவில்லை! அடியிலிருந்த நரம்புகளின் வலிமையை உணர்ந்தார். மறு ஆண்டு மை ஒற்றும் தாளில் அவர் கிறுக்கிய படமே லண்டன் கண்காட்சியின் படிக மாளிகையாயிற்று. சுமார் 1,850 அடி நீளம், ஏறத்தாழ 3 லட்சம் கண்ணாடிகள்! 1851 மே முதல் நாள் அது திறக்கப்பட்டது. அவ்வாண்டே இவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 1865இல் மறைந்தார். பெங்களூர் லால்பாக்கில் 1889இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகை, அந்தப் படிக மாளிகையை நினைவூட்டுவதே.

ஆனால் கண்ணாடி மட்டும் போதுமா? சாட்ஸ்வொர்த்தில் இவர் கட்டிய பெரிய கண்ணாடி வீட்டைச் சூடாக்க எட்டுக் கொதிகலன்கள் இருந்தன. முதல் உலகப் போரில் நிலக்கரி கிடைக்காமற் போகவே, செடிகள் குளிரில் மடிந்தன. 1920இல் அந்த வீடே இடிக்கப்பட்டது. பகலில் சேர்த்த வெப்பம் அந்நாட்டின் நீண்ட இரவுக்குப் போதவில்லை.

பெரம்பலூர், அரியலூர் மாணவியராகிய எங்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கண்ணாடி செய்ய மணலும் சோடாவும் சுண்ணாம்புக்கல்லும் வேண்டும். அரியலூரில் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை, அது சிமெண்டாகிறது. எனினும் நம் வயல்களில் கண்ணாடி வீடு கட்டினால், சித்திரை வெயிலில் நாற்றுகள் வெந்துவிடும். நமக்கு வேண்டியது வெப்பத்தைச் சேர்ப்பதன்று, தணிப்பது. ஆகவேதான் மிளகாய், தக்காளி நாற்றுகளை நிழல்வலைக்குடிலில் வளர்க்கிறார்கள். வலை ஒளியில் ஒரு பங்கைத் தடுத்து, காற்றை உலவவிடுகிறது. மழையையும் தடுக்க வேண்டுமானால் பாலிதீன் தாள் போர்த்துகிறார்கள். அது கண்ணாடியைப் போல ஒளியை உள்ளே விடும். ஆயினும் இரவில் வெப்பக் கதிர்களைப் பெரும்பாலும் தப்பவிடும். பகலில் பக்கத் திரைகளைத் திறந்து வைக்காவிட்டால் உள்ளே புழுங்கும்.

பாக்ஸ்டனும் இதை அறிந்தவரே. படிக மாளிகையின் கூரைமேல் துணி விரித்து வெயிலைத் தணித்தார்; சுவர்களில் காற்றுப் பலகைகள் வைத்தார். ஒளி, வெப்பம், காற்று மூன்றையும் இடமறிந்து அளந்ததே அவர் பெருமை. பிற நாட்டார் அறிவை நாமும் கற்போம். நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ப அதைப் பயன்படுத்துவோம்.