குணம் பெற்றவரும் குணம் பெறாதவரும் - புனித அருளானந்தர் வாழ்வில்



யூபிலி மலருக்கு ஒரு புனிதரின் வரலாற்றை எழுதித் தரும்படி கேட்டபோது என் மனம் ஓரியூருக்கே சென்றது. நம் அரூரிலிருந்து இராமநாதபுரம் சீமை நெடுந்தூரம். என் சிறு வயதில் தாயார் பஸ் மாறி மாறி அங்கே போய், செம்மண் ஒரு முடிச்சுக் கொண்டு வந்தார்கள். தம்பிக்கு விடாத காய்ச்சல். மண்ணை நெற்றியில் இட்டோம், செபமாலை சொன்னோம். தம்பி பிழைக்கவில்லை. விசுவாசம் போதவில்லை என்று உறவில் ஒருவர் சொன்ன சொல் எங்கள் வீட்டை வெகுகாலம் வாட்டியது. ஆகையால் இப்புனிதரின் வரலாற்றைச் சற்றுக் கோபத்தோடுதான் நான் படிக்கத் தொடங்கினேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அருளானந்தர், அதாவது ஜான் டி பிரிட்டோ, 1647 மார்ச் 1ஆம் நாள் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தார். சிறுபிள்ளையாயிருக்கும்போதே தந்தையை இழந்தார். அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழனாக வளர்ந்தார். அங்கே கடும் நோய் கண்டு, வைத்தியர்கள் கைவிடும் நிலை வந்தது. தாயார் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். நேர்ச்சைப்படி ஓராண்டு முழுவதும் சேசு சபையாரின் அங்கியை அணிந்து அரண்மனையில் நடமாடினான்.

ஆனால் அந்தத் தாய் கேட்டுப் பெற்ற பிள்ளையை வைத்துக்கொள்ள முடியவில்லை. 1662இல் மகன் சேசு சபையில் சேர்ந்தார். இந்தியாவுக்குப் போக அவர் துணிந்தபோது, தாயார் பெரிய இடங்களிலெல்லாம் முறையிட்டுத் தடுக்கப் பார்த்தார், பலிக்கவில்லை. சவேரியாரிடம் பெற்றதைச் சவேரியார் நடந்த வழிக்கே விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1673இல் கப்பலேறி, மறு ஆண்டு மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார். காவி உடுத்தி, புலால் நீக்கி, பண்டாரசுவாமியாகக் கால்நடையாய் ஊர் ஊராகப் போனார். 1686இல் மறவ நாட்டில் உபதேசியார்களோடு பிடிபட்டு, கொடிய வதைக்கு ஆளாகி, பிரசங்கம் செய்யக் கூடாது என்ற கட்டளையோடு விடுவிக்கப்பட்டார். சபை அலுவலாகத் தாய்நாடு சென்றபோது, பழைய தோழர் பேதுரு அங்கே அரசராயிருந்தார். அவர் எவ்வளவு சொல்லியும் நில்லாமல் 1690இல் மீண்டும் கோவா வந்து, மறவ நாட்டுக்கே திரும்பினார்.

இனி நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் வருகிறது. மறவர் குலத்துப் பிரபு தடியத் தேவர் தீராத நோயில் கிடந்தார். வைத்தியமும் பூசையும் பலிக்காமல் கிறிஸ்தவ குருவை வரவழைக்க ஆள் அனுப்பினார். அருளானந்தர் உடனே ஓடிவிடவில்லை. முதலில் உபதேசியார் ஒருவரை அனுப்பினார். அவர் நோயாளியின் மேல் நற்செய்தியை வாசிக்க, தேவர் எழுந்தார்.

நாமாயிருந்தால் அன்றைக்கே கொடி கட்டித் தேர் இழுத்திருப்போம்! அருளானந்தரோ தயங்கினார். தேவர் ஞானஸ்நானம் கேட்டு வந்தார், அதுவும் உடனே கிடைக்கவில்லை. உடம்பு தேறியது கடவுளின் கொடை, ஆனால் தேறிய மனிதன் எப்படி வாழப்போகிறான் என்பது வேறு கேள்வி. தேவருக்கு மனைவியர் பலர். ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களை விலக்கி, அவர்களின் பிழைப்புக்கு வழி செய்ய வேண்டும் என்று சொல்லப்பட்டது. தேவர் இணங்கினார். 1693 ஜனவரி 6ஆம் நாள், மூன்று ராஜாக்கள் திருநாளில், ஞானஸ்நானம் பெற்றார்.

விலக்கப்பட்டவர்களில் இளையவர் கடலை. அவர் இரகுநாத கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். நியாயமோ அநியாயமோ, தெருவில் விடப்பட்டதாக எண்ணிய ஒரு பெண்ணின் கண்ணீரையும் இந்த வரலாற்றில் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அவர் மன்னரிடம் முறையிட்டார். இரண்டே நாளில், ஜனவரி 8ஆம் தேதி, அருளானந்தர் பிடிபட்டார். இராமநாதபுரத்தில் சிறை. பின்பு நாடுகடத்துவதாக வெளியே சொல்லி, கொல்லும்படி இரகசிய உத்தரவோடு ஓரியூருக்கு அனுப்பினார்கள்.

ஓரியூரை ஆண்டவர் சேதுபதியின் சகோதரர். அவரும் நோயாளி. கண்பார்வை கெட்டு, கைகால் முடங்கியிருந்தார் என்று அக்காலத்துச் சேசு சபைக் கடிதங்கள் கூறுகின்றன. கைதியின் பெயரைக் கேள்விப்பட்டிருந்த அவர், தம்மையும் குணமாக்க வேண்டினார். அது தம் கையில் இல்லை, கடவுள் ஒருவரின் செயல் என்று அருளானந்தர் சொல்லிவிட்டார். கொலைஞனின் வாள் காத்திருக்கும் வேளையில், ஏதாவது ஒன்றைச் செய்வதுபோல் காட்டியிருந்தால் நாளாவது தள்ளிப்போயிருக்கும். அவர் காட்டவில்லை.

இந்தப் பக்கத்தைத்தான் நான் பலமுறை திருப்பித் திருப்பிப் படித்தேன். தடியத் தேவர் எழுந்தார், ஓரியூர்த் தேவர் எழவில்லை. முன்னவருக்கு அப்போது என்ன பெரிய விசுவாசம் இருந்தது? எல்லா வழியும் அடைபட்டபின் வந்தவர் அவர். பின்னவருக்கு விசுவாசம் குறைவு என்று அருளானந்தர் குற்றம் சாட்டியதாக எங்கும் நான் காணவில்லை. நோயாளியின் தலையில் அந்தப் பழியைப் போடுகிற வழக்கம் புனிதரிடமிருந்து நமக்கு வந்ததல்ல.

1693 பெப்ருவரி 4, சாம்பல் புதன். பாம்பாற்றங்கரையில் அவர் தலை வெட்டப்பட்டது. நாற்பத்தாறு வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லை. செய்தி லிஸ்பனுக்கு எட்டியபோது, துக்க ஆடை வேண்டாம், விழாக்கோலத்தில் வரவேண்டும் என்று அரசர் அத்தாய்க்குச் சொல்லி அனுப்பினாராம். அவரும் அப்படியே வந்தார். அன்றிரவு தனியே என்ன செய்தார் என்பதை எந்தப் புத்தகமும் எழுதவில்லை.

1853இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 1947 ஜூன் 22ஆம் நாள் திருத்தந்தை 12ஆம் பத்திநாதரால் புனிதராகவும் அவர் உயர்த்தப்பட்டார்.

என் தாயார் அந்தச் செம்மண் முடிச்சை எறிந்துவிடவில்லை. டிரங்குப் பெட்டியில் தம்பியின் சட்டைக்குள் சுற்றி வைத்திருந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் பெப்ருவரி 4ஆம் நாள் அதை வெளியே எடுத்து, ஒரு மெழுகுதிரி கொளுத்தி, ஒன்றும் கேளாமல் சற்று நேரம் அதன்முன் உட்கார்ந்திருப்பார்கள்.