ஜான் மெக்ரே

ஜான் மெக்ரே (நவம்பர் 30, 1872 - ஜனவரி 28, 1918) கனடா நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் படை அதிகாரியும் கவிஞரும் ஆவார். முதலாம் உலகப் போரின்போது பெல்ஜியத்தில் இவர் எழுதிய இன் ஃபிளாண்டர்ஸ் ஃபீல்ட்ஸ் (ஃபிளாண்டர்ஸ் வயல்களில்) என்னும் சிறு கவிதையின் மூலமே பெரிதும் அறியப்படுகிறார். கனடா, ஐக்கிய இராச்சியம் முதலிய நாடுகளில் ஆண்டுதோறும் நவம்பர் 11 அன்று கடைப்பிடிக்கப்படும் போர் நினைவு நாளையொட்டி மக்கள் சிவப்புப் பாப்பி மலரைச் சட்டையில் அணியும் வழக்கம் இக்கவிதையிலிருந்தே தோன்றியது. அந்நாளை மெக்ரே கண்டதில்லை. போர் முடிவதற்கு ஒன்பதரை மாதங்களுக்கு முன்னரே பிரான்சில் நோயுற்று இறந்தார்.

இளமையும் கல்வியும்

மெக்ரே கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்திலுள்ள கெல்ஃப் நகரில், ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை டேவிட் மெக்ரே பீரங்கிப் படைப்பிரிவு ஒன்றின் அதிகாரியாக இருந்தவர். மகனும் பள்ளிப் பருவத்திலேயே படைப் பயிற்சி பெற்றுத் தந்தையின் பிரிவில் சேர்ந்தார். பீரங்கிப் படை மீதான இந்தப் பற்று இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில் ஆஸ்துமா நோயினால் படிப்பு இடையில் தடைப்பட்டது. அந்த இடைவெளியில் கெல்ஃப் வேளாண் கல்லூரியில் ஆங்கிலமும் கணிதமும் கற்பித்தார். பின்னர் மருத்துவம் படித்து 1898 இல் தங்கப் பதக்கத்துடன் தேறினார். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லரின் கீழ்ச் சிறிது காலம் பணியாற்றினார்.

1900 இல் தென்னாப்பிரிக்காவில் நடைபெற்ற போயர் போருக்கு, மருத்துவராக அன்றிப் பீரங்கிப் படை அதிகாரியாகவே சென்றார். அங்கு நோயுற்ற வீரர்கள் நடத்தப்பட்ட முறை அவரை வருத்தியது. நாடு திரும்பிய பின் மொன்றியாலில் நோயியல் வல்லுநராகவும் மெக்கில் பல்கலைக்கழக ஆசிரியராகவும் விளங்கினார். ஜார்ஜ் அடாமியுடன் இணைந்து எழுதிய நோயியல் பாடநூல் 1912 இல் வெளிவந்தது.

ஈப்பர் போர்முனை

1914 இல் போர் மூண்டபோது மெக்ரேக்கு வயது 41. மருத்துவராகத் தம் நகரிலேயே இருந்திருக்கலாம். ஆயினும் முன்வந்து படையில் சேர்ந்து, கனடியப் பீரங்கிப் படையின் முதலாவது பிரிகேடில் மருத்துவராகவும் மேஜர் தரத்தில் துணைத் தளபதியாகவும் அமர்ந்தார். நண்பர் ஒருவர் அளித்த பொன்ஃபயர் என்னும் குதிரையும் உடன் சென்றது.

ஏப்ரல் 22, 1915 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகில் ஜெர்மானியப் படை குளோரின் நச்சு வாயுவைப் பெருமளவில் ஏவியது. மேற்குப் போர்முனையில் நச்சு வாயுவின் முதல் பெருந்தாக்குதல் அதுவே. இரண்டாம் ஈப்பர் சமர் எனப்படும் இப்போரில், ஈப்பருக்கு வடக்கே கால்வாய்க் கரையில் தோண்டப்பட்ட குழியொன்றில் இருந்தபடி மெக்ரே காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தார். அவருடைய பிரிவு தொடர்ந்து 17 நாட்கள் களத்தில் நின்றது. அந்நாட்களில் உடையைக் களையவும் நேரம் கிடைக்கவில்லை என்பதை அவர் தாயாருக்கு எழுதிய கடிதத்தால் அறியலாம்.

மே 2 அன்று அவருடைய நண்பரும் இளம் அதிகாரியுமான அலெக்சிஸ் ஹெல்மர் எறிகணை ஒன்றால் கொல்லப்பட்டார். படைக்குரிய பாதிரியார் அப்போது அங்கில்லாததால் இறுதிச் சடங்கை மெக்ரேயே நடத்தினார். சிகிச்சை நிலையத்தின் அருகிலிருந்த இடுகாட்டில் மரச் சிலுவைகளுக்கிடையே பாப்பி பூத்திருந்தது. கவிதை மறுநாள் எழுதப்பட்டதாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. உடனிருந்தோர் தரும் விவரங்கள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. ஹெல்மரின் கல்லறை பிற்காலச் சண்டைகளில் அழிந்து போனது. அவர் பெயர் ஈப்பரிலுள்ள மெனின் வாயில் நினைவுச் சின்னத்தில், கல்லறை அறியப்படாத பல்லாயிரவர் பெயர்களோடு பொறிக்கப்பட்டுள்ளது.

கவிதையும் அதன் பயன்பாடும்

பதினைந்து வரிகளே கொண்ட இக்கவிதை ரொண்டோ என்னும் பிரெஞ்சு யாப்பு வடிவில் அமைந்தது. இலண்டனின் பஞ்ச் இதழில் டிசம்பர் 8, 1915 அன்று ஆசிரியர் பெயரின்றி வெளியாகி விரைவில் பரவியது.

இதனை அமைதியை வேண்டும் கவிதையாகக் கருதுவோர் பலர். அது முற்றும் பொருந்தாது. முதலிரு பகுதிகளில் இறந்த வீரர்கள் தம் நிலையைக் கூறுகின்றனர். இறுதிப் பகுதியிலோ பகைவருடனான போரைத் தொடருமாறு உயிருள்ளோரைக் கேட்டுக்கொள்கின்றனர். ஆள் சேர்ப்பதற்கும், 1917 இல் கனடிய அரசு போர்க் கடன் பத்திரங்களை விற்பதற்கும் இக்கவிதை பயன்பட்டது இதனாலேயே. போர் வெல்லப்பட வேண்டும் என்பதில் மெக்ரே உறுதியாக இருந்தார். ஆகவே இப்பயன்பாடு அவர் கருத்துக்கு மாறானதன்று. இன்று நினைவு நாள் கூட்டங்களில் இக்கவிதையைப் படிக்கும்போது இறுதிப் பகுதி ஏற்படுத்தும் இடர்ப்பாடு இங்கிருந்தே வருகிறது.

இறுதி ஆண்டுகள்

1915 சூனில் மெக்ரே போர்முனையிலிருந்து மாற்றப்பட்டு, மெக்கில் பல்கலைக்கழகத்தார் பிரான்சில் அமைத்த மூன்றாம் எண் கனடியப் பொது மருத்துவமனையில் பணியேற்றார். பீரங்கிகளை விட்டுப் பிரிவது அவருக்கு உவப்பாக இல்லை. களத்திலுள்ள வீரர்களைப் போலவே தாமும் இருக்கவேண்டும் என்று எண்ணிக் குளிர்காலத்திலும் கூடாரத்திலேயே தங்கினார். ஆஸ்துமா உடைய ஒருவருக்கு இது பெருந்தீங்காகவே முடிந்தது. முன்பு கலகலப்பாகப் பழகிய அவர் ஒதுங்கி வாழத் தொடங்கினார். பொன்ஃபயர் மீதேறி நெடுந்தூரம் செல்வதே ஆறுதலாக இருந்தது. கனடாவிலிருந்த தம் உடன்பிறந்தாரின் குழந்தைகளுக்கு அக்குதிரையே எழுதுவது போலக் கடிதங்கள் வரைந்து, கையொப்பத்திற்குப் பதிலாகக் குளம்பு அடையாளம் இட்டு அனுப்புவதுண்டு.

1918 சனவரியில் பிரித்தானிய முதலாம் படையின் ஆலோசக மருத்துவராக அவர் நியமிக்கப்பட்டார். பொறுப்பேற்கும் முன்னரே நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் தாக்கி, சனவரி 28 அன்று காலமானார். மறுநாள் விமெரே நகர இடுகாட்டில் படை மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். ஊர்வலத்தில் பொன்ஃபயரின் அங்கவடிகளில் அவருடைய காலணிகள் பின்புறம் திருப்பி மாட்டப்பட்டிருந்தன.

பாப்பி மலரும் நினைவு நாளும்

நம் சமையலில் பயன்படும் கசகசா எந்தப் பேரினத்துச் செடியிலிருந்து கிடைக்கிறதோ அதே பேரினத்தைச் சேர்ந்தது இந்தச் சிவப்புப் பாப்பி. இதன் விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். மண் கிளறப்பட்டு ஒளி பட்டால் முளைக்கும். எறிகணைகளும் பதுங்குகுழிகளும் புதைகுழிகளும் ஃபிளாண்டர்ஸ் நிலத்தைக் கிளறியதால் அவ்வாண்டுகளில் இப்பூ எங்கும் மண்டியது.

மெக்ரேயின் கவிதையைப் படித்த அமெரிக்க ஆசிரியை மொயினா மைக்கேல், 1918 நவம்பரில், போர் ஓய்வதற்கு இரு நாட்கள் முன்பு, எப்போதும் பாப்பி அணிவதென உறுதி பூண்டார். துணியாலான பாப்பி மலர்களை விற்றுப் போரால் பாதிக்கப்பட்டோருக்கு உதவும் திட்டத்தைப் பிரான்சைச் சேர்ந்த அன்னா கெரான் நேச நாடுகளுக்குக் கொண்டு சென்றார். 1921 இல் கனடாவும் ஐக்கிய இராச்சியமும் இவ்வழக்கத்தை ஏற்றன. கனடாவில் அதுவரை போர்நிறுத்த நாள் எனப்பட்டது 1931 முதல் நினைவு நாள் எனப் பெயர் மாறியது. சிவப்புப் பாப்பி போரைப் போற்றுவதாகக் கருதிய பிரித்தானியக் கூட்டுறவு மகளிர் அமைப்பு 1933 இல் வெள்ளைப் பாப்பியை அறிமுகம் செய்தது. இரண்டு நிறப் பாப்பிகளும் இன்றும் அணியப்படுகின்றன.

கெல்ஃபில் மெக்ரே பிறந்த வீடு அருங்காட்சியகமாக உள்ளது. கனடா 2001 இல் வெளியிட்ட பத்து டாலர் தாளில் இக்கவிதையின் தொடக்க வரிகள் அச்சிடப்பட்டன. அவர் சிகிச்சை அளித்த இடமும் அருகிலுள்ள இடுகாடும் எசெக்ஸ் பண்ணை இடுகாடு என்ற பெயரில் பேணப்படுகின்றன. மண் குழிகள் இருந்த இடத்தில் இப்போது காணப்படும் கற்காரை அறைகள் மெக்ரே அங்கிருந்து சென்ற பின்னர் கட்டப்பட்டவை.