இதயத்துக்குள் குழாய் விட்ட டாக்டர்

குழந்தைகளே! தாத்தாவுக்கோ பாட்டிக்கோ ஆஞ்சியோகிராம் எடுத்ததாக வீட்டில் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். மணிக்கட்டு அல்லது தொடை வழியாக ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாயை நுழைத்து, இதயம் வரை கொண்டுபோவார்கள். எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு மருந்தை அதன் வழியே செலுத்திப் படம் எடுத்தால், அடைப்பு எங்கே என்று தெரிந்துவிடும்.

இப்படி மனித இதயத்துக்குள் குழாய் விட்டு, அதை முதன்முதலில் எக்ஸ்ரே படமாக எடுத்துக் காட்டியவர் வெர்னர் போர்ஸ்மன். யாருடைய இதயம் தெரியுமா? அவருடைய இதயமேதான்!

ஜெர்மனியின் பெர்லின் நகரில் 1904ஆம் ஆண்டு பிறந்தவர் போர்ஸ்மன். முதல் உலகப் போரில் தந்தையை இழந்தார். மருத்துவம் படித்து முடித்ததும், பெர்லினுக்கு அருகே எபர்ஸ்வால்டே என்ற ஊரில் உள்ள மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார்.

உயிரோடு இருப்பவரின் இதயத்தைத் தொட்டாலே ஆபத்து என்று டாக்டர்கள் பயந்த காலம் அது. அவசரத்துக்கு இதயத்தில் மருந்து செலுத்த, நெஞ்சில்தான் ஊசி குத்த வேண்டும். குதிரையின் கழுத்து நரம்பு வழியாக இதயத்துக்குக் குழாய் விட்டதைக் காட்டும் படம் ஒன்றைப் போர்ஸ்மன் பார்த்திருந்தார். மனிதருக்குக் கை நரம்பு வழியாக அப்படிச் செய்தால் என்ன என்று யோசித்தார். தலைமை டாக்டர் அனுமதி தரவில்லை.

1929ஆம் ஆண்டு ஒருநாள், கெர்டா டிட்சன் என்ற நர்ஸிடம் போர்ஸ்மன் உதவி கேட்டார். கருவிகள் அவருடைய பொறுப்பில்தான் இருந்தன. சோதனையைத் தன்மீதே செய்யலாம் என்று அந்தத் துணிச்சல்காரர் முன்வந்தார். போர்ஸ்மனும் சரியென்று அவரை மேஜையில் படுக்க வைத்துக் கை கால்களைக் கட்டினார். பிறகு, அவருக்குத் தெரியாமல் தன் இடது முழங்கை மடிப்பில் மரத்துப்போக ஊசி போட்டு, நரம்பைத் திறந்து குழாயை நுழைத்துவிட்டார்! ஏமாந்த நர்ஸுக்குக் கோபம் வராமல் இருக்குமா?

கட்டை அவிழ்த்துவிட்டு, கையில் குழாயுடன் இருவரும் படியிறங்கி எக்ஸ்ரே அறைக்குப் போனார்கள். ஓடிவந்த நண்பர் ஒருவர் குழாயைப் பிடுங்கப் பார்த்தார், போர்ஸ்மன் விடவில்லை. நர்ஸ் கண்ணாடியைப் பிடிக்க, அதில் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி 65 செ.மீ. வரை குழாயைத் தள்ளினார். அது இதயத்தின் வலது மேலறையில் நின்றது. படமும் எடுத்தாகிவிட்டது. (நீங்கள் யாரும் இதுபோல எதையும் செய்து பார்க்கக் கூடாது!)

பாராட்டு கிடைத்ததா? பெர்லினில் பெரிய மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தவரை, வேலையை விட்டே அனுப்பினார்கள். மனம் வெறுத்து, சிறுநீரக நோய் மருத்துவராக மாறினார். 1932ஆம் ஆண்டு ஹிட்லரின் நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார். அது அவர் வாழ்க்கையில் ஒரு கறை, மறைப்பதற்கில்லை. போரில் ராணுவ டாக்டராக இருந்து கைதியானார்.

இதற்கிடையே, அமெரிக்காவின் நியூயார்க் நகரில் கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்ற இரு டாக்டர்கள் அவருடைய பழைய கட்டுரையைப் படித்து, அந்த முறையை நோயாளிகளுக்குப் பயன்படும்படி வளர்த்திருந்தார்கள். 1956ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு மூவருக்கும் சேர்த்தே அறிவிக்கப்பட்டது. அப்போது போர்ஸ்மன் பாட் குரோய்ஸ்நாக் என்ற சிறிய ஊரில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1958ஆம் ஆண்டு அமெரிக்க டாக்டர் மேசன் சோன்ஸ், இதயத்துக்கு ரத்தம் தரும் குழாய்க்குள்ளேயே மருந்து செலுத்திப் படம் எடுத்தார். இன்றைய ஆஞ்சியோகிராம் அப்படித்தான் பிறந்தது. அதையும் பார்த்துவிட்டு, 1979ஆம் ஆண்டு தம் 74ஆம் வயதில் காலமானார் போர்ஸ்மன்.