ஈரம் வடித்த கேரியர்

எங்க வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, வில்லிஸ் கேரியரின் அம்மா மீது எனக்குத் தனி மரியாதை. பின்னக் கணக்கு புரியாமல் விழித்த மகனுக்கு ஆப்பிளை வெட்டி வெட்டிக் காட்டியவர் அவர். 1876இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த அந்தப் பையன் 1901இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்தார்.

மறு வருஷமே புரூக்ளின் அச்சகம் ஒன்றில் சிக்கல். காற்றின் ஈரத்தால் தாள் விரிந்து சுருங்க, வண்ணங்கள் விலகி விழுந்தன. குளிர்ந்த குழாய்ச் சுருள் மீது காற்றை ஓட்டி, ஈரத்தை வடித்தார் கேரியர். ஆக, இன்றைய ஏசிக்கு வழி பிறந்தது மனுஷனுக்காக இல்லை நண்பர்களே, காகிதத்துக்காக! 1906இல் காப்புரிமை, 1915இல் ஆறு சகாக்களோடு சொந்தக் கம்பெனி. 1950இல் மறைந்தார்.

இந்த ஈரக் கணக்கு எனக்கு விளங்கியது வகுப்பில் அல்ல. கோடை விடுமுறையில் மெக்கானிக் ஒருவருக்கு எடுபிடியாகப் போனேன். ஒரு வீட்டில் ஏசி குளிரவில்லை. கேஸ் தீர்ந்துபோச்சு என்றார் அவர். நான் ஃபில்டரைக் கழற்றினேன். போர்வை மாதிரி தூசி! காற்று போகாவிட்டால் சுருளில் ஐஸ் பிடிக்கும், கரண்டும் வீண். அலசி, நிழலில் உலர்த்தி மாட்டினேன். அன்றைய கூலி எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் வெளிக்குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது, கேரியர் 1902இல் வடித்த மாதிரியே.