பிரான்ஸை நேசித்த வங்கத்து யுவதி

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றைப் புரட்டுவோருக்குப் பிரெஞ்சுக்காரர் புதியவர்கள் அல்லர். 1672 ஆம் ஆண்டில் டி லா ஹே என்ற தளபதியின் தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பல்கள் இக்குடாவில் நங்கூரமிட்டன. சில மாதங்களுக்குள் ஒல்லாந்தர் அவர்களது முயற்சியை முறியடித்தனர். பின்னர் 1782 ஆகஸ்டில் தளபதி சுஃப்ரன் ஆங்கிலேயரிடமிருந்து இங்குள்ள கோட்டைகளைக் கைப்பற்றினார். அதற்குச் சற்று முன்னர்தான் அவர் கடலூரில் மைசூர் அதிபதி ஹைதர் அலியைச் சந்தித்து உறவு பேசியிருந்தார். செப்டெம்பர் 3 ஆம் திகதி திருகோணமலைக்கு அப்பால் கடலில் பெரும் சமர் நடந்தது. மறு ஆண்டின் சமாதான உடன்படிக்கையின் பயனாகத் துறைமுகம் மீண்டும் ஒல்லாந்தர் வசமானது. பீரங்கிகளோடு வந்த அந்தப் பிரான்ஸ் இங்கே விட்டுச் சென்றது மிகச் சொற்பமே.

புத்தகங்களின் வழியாக வந்து ஒரு கீழைத்தேசத்து இல்லத்தில் நிரந்தரமாகக் குடியேறிய பிரான்ஸ் ஒன்றும் உண்டு. கல்கத்தாவில் பிறந்து, 21 வயதில் மறைந்து, பிரெஞ்சு மொழியிலேயே நாவல் எழுதி வைத்துவிட்டுப் போன தோரு தத் என்ற பெண்மணியின் வாழ்க்கை அது. நமது வாசகர்களில் பலருக்கு இப்பெயர் பள்ளிப்பருவத்து ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்ற சவுக்கு மரக் கவிதையோடு மட்டும் நினைவிருக்கலாம். அவரது முழு வாழ்வும் இன்று நாம் அறிய வேண்டிய ஒன்றென எண்ணுகிறோம்.

தோரு 1856 மார்ச் 4 ஆம் திகதி கல்கத்தாவின் ராம்பகான் பகுதியில் பிறந்தார். தந்தை கோவிந்த சந்திர தத் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர். தாயார் க்ஷேத்ரமணி. அப்ஜு என்ற அண்ணனும் ஆரு என்ற அக்காளும் உடன்பிறந்தோர். 1862 இல் குடும்பம் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவிற்று. அதனால் உறவினர் வட்டம் சுருங்கிற்று. அந்நிய ஆட்சியாளரின் சமயத்தைச் சேர்ந்திருந்தும் அவர்களது சமூகத்தினுள் இடமில்லை. சொந்த ஊராரிடையேயும் பழைய இடம் இல்லை. தோருவின் பின்னாளைய வாழ்வை விளங்கிக்கொள்ள இந்த இரட்டைத் தனிமையை மனதில் கொள்வது அவசியம்.

1865 இல் அண்ணன் அப்ஜு பதின்மூன்று, பதினான்கு வயதில் மரணித்தான். எஞ்சிய இரு பெண்களையும் கூட்டிக்கொண்டு தந்தையும் தாயும் 1869 இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினர். வங்காளப் பெண்கள் கடல் கடப்பது அரிதினும் அரிதாயிருந்த காலம் அது. பிரான்ஸின் தென்கரையில் உள்ள நீஸ் நகரில் அவர்கள் தங்கினர். அங்கிருந்த ஒரு விடுதிப் பள்ளியில் சகோதரிகள் இருவரும் சில மாதங்கள் பிரெஞ்சு கற்றனர். தோரு தம் வாழ்நாளில் மாணவியாகச் சென்ற பள்ளிக்கூடம் அது ஒன்றேயாகும். பின்னர் பாரிஸ் நகரைக் கண்டு, 1870 இன் முற்பகுதியில் லண்டன் சேர்ந்தனர்.

ஆக, தோரு பிரெஞ்சு மண்ணில் வாழ்ந்தது ஓராண்டு கூட நிறையாது. ஆனால் அந்தச் சில மாதங்கள் எஞ்சிய வாழ்நாள் முழுவதற்கும் போதுமானவையாயின. அதே ஆண்டு ஜூலையில் பிரஷ்யாவுடன் போர் மூண்டது. செடான் என்ற இடத்தில் பிரெஞ்சுப் பேரரசர் சரணடைந்தார். பாரிஸ் நகரம் நான்கு மாதங்களுக்கு மேலாக முற்றுகையிடப்பட்டது. லண்டனில் இருந்த பதினான்கு வயதுச் சிறுமி, தாம் கண்ட அந்த அழகிய நகரம் அழிவதை எண்ணி நாட்குறிப்பில் அழுதிருக்கிறார். பிரான்ஸ் விழுந்துவிடவில்லை, மயங்கிக் கிடக்கிறது, எழுந்து வரும் என்ற பொருளில் பின்னர் ஒரு கவிதையும் எழுதினார். தோற்ற தேசத்தின் பக்கம் நின்றார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். வென்றவனின் மொழியைக் கற்பதில் இலாபம் உண்டு. தோற்றவனின் மொழியை நேசிப்பவருக்கு அதற்கப்பாலும் ஏதோ ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

1871 இலிருந்து குடும்பம் கேம்பிரிட்ஜில் வசித்தது. பெண்களுக்காக அங்கே நடத்தப்பட்ட உயர் விரிவுரைகளுக்குச் சகோதரிகள் சென்றனர். மேரி மார்ட்டின் என்ற ஆங்கிலத் தோழி கிடைத்தாள். அவளுக்குத் தோரு பின்னாட்களில் எழுதிய கடிதங்களே அவரது வாழ்க்கையை நமக்குச் சொல்லும் தலையாய சான்றுகளாகும். 1921 இல் ஹரிஹர் தாஸ் என்பவர் இக்கடிதங்களைக் கொண்டு அவரது வரலாற்றை நூலாக வெளியிட்டார்.

1873 இல் அனைவரும் கல்கத்தா திரும்பினர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான், இக்குடும்பத்தோடு உறவில்லாத மற்றொரு தத்தான மைக்கேல் மதுசூதன் தத் அந்நகரில் காலமாகியிருந்தார். அவரும் கிறிஸ்தவராக மாறியவரே. பிரான்ஸின் வெர்சேய் நகரில் கடனிலும் வறுமையிலும் உழன்றவர். அங்கே இருந்துகொண்டு அவர் எழுதியது வங்க மொழியில் பதினான்கு வரிக் கவிதைகள். அவர் பிரான்ஸில் இருந்து வங்காளத்தை எழுதினார். தோருவோ வங்காளத்தில் இருந்து பிரான்ஸை எழுதினார். தாய்மொழிக்கு வளம் சேர்த்தவர் மதுசூதனரே என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. எனினும் அந்த அளவுகோல் ஒன்றினாலேயே தோருவை அளந்து தள்ளிவிடுவது நியாயமாகாது.

நகர இல்லத்திலும் பாகுமாரி என்ற புறநகர்த் தோட்ட வீட்டிலுமாகக் குடும்பம் மாறி மாறி வாழ்ந்தது. வெளியே போக்குவரத்து மிகக் குறைவு. தோட்டத்து மரங்கள், பூனைகள், பறவைகள், வண்டிக் குதிரைகள் இரண்டு. அக்குதிரைகளுக்கு இட்டிருந்த பெயர்கள் கூடப் பிரெஞ்சுப் பெயர்களே: ஜென்னெத், ழாந்தீ. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரும் புத்தகப் பொதிகளுக்காகத் தந்தையும் மகளும் காத்திருப்பார்கள். இருவருமாக வாசிப்பார்கள், அர்த்தம் பற்றி விவாதிப்பார்கள். விக்டர் ஹியூகோ தோருவின் பேரபிமானத்துக்கு உரியவர். நாடுகடத்தப்பட்டும் பணியாத அந்தக் கவிஞரின் அரசியல் உரையைக் கூட அவர் ஆங்கிலத்தில் பெயர்த்து வங்காளச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார்.

1874 இல் அவர் எழுதிய முதற் கட்டுரைகளில் ஒன்று லெகோந்த் டி லீல் என்ற கவிஞரைப் பற்றியது. இக்கவிஞர் பிறந்தது நமது இந்து சமுத்திரத்தின் ரீயூனியன் தீவில். தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்ட நம்மவரின் சந்ததியார் இன்றும் வாழும் தீவு அது. இந்தியப் புராணங்களைப் பாடிய பிரெஞ்சுக் கவிஞரை, பிரெஞ்சை நேசித்த இந்தியப் பெண் முதலில் தேர்ந்தெடுத்தது தற்செயலாக இருக்க முடியாது.

அதே ஆண்டு ஜூலை 23 ஆம் திகதி அக்காள் ஆரு சயரோகத்தால் இறந்தார். தோரு நாவல் எழுதுவது, ஆரு அதற்குச் சித்திரம் வரைவது என்று இருவரும் திட்டமிட்டிருந்தனர். ஒரு பக்கத்தைக் கூடப் பார்க்காமல் ஆரு போய்ச் சேர்ந்தார்.

தனித்துவிட்ட தோரு வேலையில் மூழ்கினார். 1876 இல் கல்கத்தாவின் பவானிப்பூரில் உள்ள ஓர் அச்சகத்தில், பிரெஞ்சு வயல்களில் பொறுக்கிய கதிர்க்கட்டு என்று பொருள்படும் தலைப்பில் அவரது மொழிபெயர்ப்புக் கவிதைத் தொகுதி வெளிவந்தது. ஏறத்தாழ எழுபது பிரெஞ்சுக் கவிஞர்களின் பாக்கள் ஆங்கிலத்தில். எட்டுப் பாக்கள் மறைந்த ஆருவின் மொழிபெயர்ப்பு. முன்னுரை இல்லை; சிபாரிசு இல்லை; மட்டமான கடதாசி. லண்டனில் ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் இப்புத்தகம் குப்பைக் கூடைக்குப் போகும் தறுவாயில் இருந்ததாகவும், ஆசிரியர் அதனை எட்மண்ட் கோஸ் என்ற இளம் விமர்சகரின் கையில் திணித்ததாகவும் கோஸே பின்னர் எழுதியிருக்கிறார். வேண்டாவெறுப்பாகத் திறந்தவர் வியந்து போனார். பிரான்ஸிலும் ஆந்த்ரே தெரியே என்ற எழுத்தாளர் பெயர்பெற்ற சஞ்சிகையொன்றில் அதைப் பாராட்டினார். பத்திரிகைத் தொழிலில் பல்லாண்டு கழித்த நாம், தபாலில் வந்து மேசையோரம் குவியும் மெலிந்த நூல்களைப் பார்க்கும்போதெல்லாம் இச்சம்பவத்தை நினைத்து உறுத்தலடைவதுண்டு.

பிரெஞ்சு மோகம் தோருவைத் தம் மண்ணிலிருந்து அந்நியப்படுத்திவிட்டதா? இக்கேள்விக்கு அவரது கடிதங்களே விடை தருகின்றன. தொடக்கத்தில் அவர் தம் நாட்டவரை ஆங்கிலேயர் வழங்கிய இளக்காரமான சொல்லாலேயே, சுதேசிகள் என்ற தொனியில் குறிப்பிட்டார். தோழி மேரி அதைக் கடிந்து எழுதினாள். தோரு தவறை ஒப்புக்கொண்டு, இனி இந்தியர் என்றே எழுதுவதாக வாக்களித்தார். ஆங்கிலத் தோழியிடம் ஓர் இந்தியப் பெண் இப்பாடத்தைக் கற்க நேர்ந்தது விசித்திரமே. பின்னர் இந்தியரைக் கொன்ற ஆங்கிலேயருக்கு நீதிமன்றங்கள் வழங்கிய அற்பத் தண்டனைகளைக் கண்டு அவர் கொதித்து எழுதினார். பிரெஞ்சுக் குடியரசு இலட்சியங்களை வாசித்த கண்ணுக்கு ஆங்கிலேய ஆட்சியின் அநீதி கூடுதலாகவே தெரிந்தது என்பது நம் எண்ணம்.

இக்காலத்திலேயே அவர் தந்தையோடு சேர்ந்து சமஸ்கிருதம் கற்கத் தொடங்கினார். சாவித்திரி, துருவன், பிரகலாதன், ஏகலைவன் ஆகியோரின் கதைகளை ஆங்கிலப் பாக்களாக்கினார். அவை அவர் மறைந்தபின் 1882 இல் லண்டனில் நூலாயின. பண்டைய இந்தியப் பெண்களைப் பற்றிப் பிரெஞ்சில் நூல் எழுதிய கிளாரிஸ் பாடேர் என்ற பெண்மணிக்கு, அந்நூலை மொழிபெயர்க்க அனுமதி கேட்டு 1877 இன் தொடக்கத்தில் கடிதம் எழுதினார். பாடேர் உள்ளம் நெகிழ்ந்து பதிலளித்தார். தொடர்ந்து கடிதங்களும் புகைப்படங்களும் பரிமாறப்பட்டன. இருவரும் நேரில் சந்திக்கவேயில்லை. மீண்டும் ஐரோப்பா செல்லும் ஆசை தோருவுக்கு இருந்தது. நோய் இடம் தரவில்லை. அக்காளைக் கொண்டுபோன அதே சயரோகம் 1877 ஆகஸ்ட் 30 ஆம் திகதி அவரையும் கொண்டுபோயிற்று.

மகளின் காகிதங்களை ஆராய்ந்த தந்தையின் கையில், மொழிபெயர்ப்புகளோடு, முழுமை பெற்ற ஒரு பிரெஞ்சு நாவலும் முற்றுப்பெறாத ஓர் ஆங்கில நாவலும் அகப்பட்டன. பிரெஞ்சு நாவல், ஆர்வேர் குமாரியின் நாட்குறிப்பு என்ற பொருள்படும் தலைப்போடு, பாடேரின் முன்னுரையுடன் 1879 இல் பாரிஸில் வெளியாயிற்று. பிரெத்தாஞ் பிரதேசத்து மாளிகைக்குக் கன்னிமடக் கல்வி முடித்துத் திரும்பும் மார்கெரித் என்ற பதினைந்து வயதுப் பெண்ணின் கதை அது. அவள் நேசிக்கும் பிரபு, வீட்டுப் பணிப்பெண் ஒருத்தியின் பொருட்டுத் தன் சொந்தச் சகோதரனையே கொன்று சித்தம் பேதலிக்கிறான். மார்கெரித் தன்னை உண்மையாக விரும்பிய வேறொருவரை மணந்து, மகனைப் பெற்று, இறந்து போகிறாள். கதைப்பின்னல் நாடகப்பாங்கானது, இன்றைய வாசகருக்குச் சற்று மிகையாகவே தோன்றும். ஆனால் கணவனும் மனைவியும் சென்று தங்கும் நகரம் நீஸ் என்பதை வாசிக்கும்போது, பதின்மூன்று வயதில் அதே கடற்கரையில் நடந்த கல்கத்தாச் சிறுமியை மறக்க இயலவில்லை. நோயும் மரணமும் பற்றிய பக்கங்களைக் கற்பனை என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

ஏறக்குறைய இதே காலத்தில் நம் நாட்டிலும் தமிழ் நாவல் பிறந்து கொண்டிருந்தது. கண்டியில் வாழ்ந்த அறிஞர் சித்திலெப்பை 1885 இல் அசன்பேயுடைய கதையை வெளியிட்டு, எகிப்தையும் கெய்ரோ நகரையும் தமிழுக்குள் கொண்டுவந்தார். 1891 இல் திருகோணமலை இன்னாசித்தம்பி ஊசோன் பாலந்தை கதையைத் தந்தார். காட்டில் வளர்ந்த ஓர்சோன், அரசவையில் வளர்ந்த வாலந்தைன் என்ற இரட்டைச் சகோதரரின் அக்கதை மூலத்தில் மத்தியகாலப் பிரெஞ்சுக் கதையேயாகும். நான்கு ஆண்டுகள் கழித்து, திருகோணமலையைச் சேர்ந்த சரவணமுத்துப்பிள்ளை மோகனாங்கி என்ற வரலாற்று நாவலை எழுதினார். தூரதேசங்களைத் தமிழுக்கு அழைத்து வந்தவர்கள் இவர்கள். தோரு அழைத்து வரவில்லை. தாமே அங்கு போய்விட்டார். வங்க மொழியில் அவர் ஒரு நாவல் எழுதியிருந்தால் என்ற ஏக்கம் நமக்கு உண்டு. பங்கிம் சந்திரர் வங்க நாவலை வளர்த்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஆனால் 21 வயதில் முடிந்துபோன ஒருவரிடம் நாம் எவ்வளவுதான் கேட்பது?

அரபு எழுத்தில் தமிழை எழுதிப் பேணிய முன்னோரின் வழிவந்த நம் முஸ்லிம் வாசகர்களுக்கு, இரு மொழிகளை ஒரே நெஞ்சில் வைத்திருப்பது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் ஒரு மொழியில் தொழுது, ஒரு மொழியில் பேசி, இன்னொன்றில் உத்தியோகம் பார்க்கும் குடும்பங்கள் எத்தனையோ.

யுத்த காலத்தில் இம்மாவட்டத்தை விட்டு நீங்கியோரில் பலரும் பிரான்ஸையே சென்றடைந்தனர். பாரிஸின் லாச்சப்பல் பகுதியில் இன்று தமிழ்ப் பெயர்ப்பலகைகள் வரிசையாகத் தொங்குகின்றன. அங்கே பிறந்த பிள்ளைகள் பிரெஞ்சில் சிந்திக்கிறார்கள். விடுமுறைக்கு இங்கு வரும்போது அம்மம்மாவிடம் தடுமாறித் தமிழ் பேசுகிறார்கள். ஊரார் அதைக் கேட்டுச் சிரிப்பதும், பெற்றோர் கூசிப்போவதும் நாம் கண்டவை. அப்பிள்ளைகளில் எவராவது நாளை பிரெஞ்சில் ஒரு நாவல் எழுதக்கூடும். அது திருகோணமலைக் கடலைப் பற்றியதாகவும் இருக்கலாம். பிரெத்தாஞ் மாளிகையைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

தோரு கல்கத்தாவின் மாணிக்தலா கிறிஸ்தவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மூன்று பிள்ளைகளையும் மண்ணுக்குக் கொடுத்த தந்தை, மகளின் கவிதைத் தொகுதியை 1878 இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். முதற்பதிப்பில் இல்லாத முன்னுரையை இம்முறை அவரே எழுதிச் சேர்த்தார்.